பதினேழாம் வீடு, குடும்பத் தலைவர், நல்வரவு

கடிகாரக்காரர் செத்துப்போன பிறகுதான் நேரத்துக்கு வீடு திரும்ப ஆரம்பித்தார்.

உயிரோடிருந்தவரை அந்தப் பழக்கம் அவரிடம் கிடையாது. ஊரார் கடிகாரங்களுக்கெல்லாம் நேரம் திருத்திக் கொடுப்பார். தன் வயிறு மணியடிப்பது மட்டும் காதில் விழாது. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் மனைவி சமைத்து மூடிவைப்பாள், திறந்து பார்ப்பாள், திரும்ப மூடுவாள். அந்தத் தாம்பத்தியத்தில் பாதி இப்படிப் பாத்திர மூடியிலேயே போயிற்று. இப்போது அந்தக் குறை இல்லை. பொழுது சாய்ந்து தெருவில் காற்று எழுந்தால் போதும், கீழ்த்தளத்தில் கண்ணாடிக் கதவு வழுக்கிக்கொண்டு திறக்கும். ஒரு பெண்குரல், கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லும்:

"பதினேழாம் வீடு. குடும்பத் தலைவர். நல்வரவு."

யாரும் உள்ளே வரமாட்டார்கள். கதவு சற்றுநேரம் பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் டிவி சத்தம் ஒரு படி ஏறும். கேட்டால், செய்தி சரியாகக் கேட்கவில்லை என்பார்கள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் மூலகாரணம் ஒரு குடை.

கீழ்த்தளத்தில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த குடியிருப்போர் சங்கச் செயலாளரின் குடை ஒருநாள் காணாமல் போயிற்று. சங்கம் கொதித்து எழுந்தது. வெளியாள் புகுந்துவிட்டான், பாதுகாப்பு இல்லை, பெண்டுபிள்ளைகள் எப்படி இருப்பது என்று மூன்று கூட்டம் நடந்தது. மூன்றாவது கூட்டம் முடிந்த அன்றே குடை செயலாளர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் கிடைத்துவிட்டது. ஆனால் அதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டதே, என்ன செய்வது!

செயலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலையில் இருந்த காலம் முழுக்க, 'இந்த நகல் அசலை ஒத்திருக்கிறது' என்று முத்திரை குத்தியே ஓய்வுபெற்றவர். அசல் ஒன்றைக்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை என்று கூட வேலைபார்த்தவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அவருடைய மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறவர். அவருக்கு மட்டும்தான் மாப்பிள்ளை என்றாலும் கட்டடமே அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது. கதவுக்கான புரோகிராமை எழுதியது அவர்தான். ஆகவே அதில் பிழை இருக்க வழியில்லை. இருக்கிறது என்று யாராவது சொன்னால் செயலாளர் மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்தவீட்டுக்கு வந்துவிடும் அபாயம் இருந்தது.

மாப்பிள்ளை கூட்டத்தில் விளக்கினார்.

"ரொம்ப சிம்பிள். உங்க படம் ஒண்ணை முதல்லயே எடுத்து வெச்சுக்கறோம். கதவுக்கு முன்னாடி நிக்கறப்ப இன்னொரு படம் எடுக்கறோம். ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, புள்ளிக்குப் புள்ளி கழிச்சுக்கிட்டே போகும். கழிச்சதை எல்லாம் கூட்டி சராசரி பாக்கும். வித்தியாசம் கம்மியா இருந்தா, அவர்தான் இவர். கதவு திறக்கும்."

"முகத்தைப் பாக்காதா தம்பி?" என்று கேட்டது பாட்டு டீச்சர். பதினெட்டாம் வீட்டுக்காரி. 'நல்வரவு' சொல்லும் குரல் அவளுடையதுதான். செயலாளர் கெஞ்சிக் கேட்டு வாங்கிப் பதிவு செய்தது.

"முகம்னு தனியா ஒண்ணும் கிடையாது மேடம். எல்லாம் புள்ளிதான்."

செயலாளர் எழுந்தார். "ஆளைப் பாத்தா பாரபட்சம் வரும். இவர் வேண்டியவர், அவர் வேண்டாதவர்னு வரும். நம்ம முறையில ஆளைப் பாக்கறதே கிடையாது. இதைவிட நேர்மை உலகத்துல வேற எங்க இருக்கு, சொல்லுங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை படம் எடுக்கும் வைபவம் நடந்தது. தெருக்கதவைத் திறந்தால் ஒரு சின்ன அறை. ஜன்னல் கிடையாது, பகலும் ராத்திரியும் ஒரே டியூப்லைட். ஒரு பக்கம் வெளிர்பச்சைச் சுவர், எதிரே கண்ணாடிக் கதவு, அதன் தலைமேல் கேமரா. தரையில் இரண்டு பாதங்களை மஞ்சள் பெயின்டில் வரைந்திருந்தார்கள். அதன்மேல் நின்று கேமராவைப் பார்க்க வேண்டும். தெருக்கதவு திறக்கும்போதெல்லாம் கேமரா விழித்துக்கொண்டு ஒரு படம் எடுக்கும்.

கடிகாரக்காரர் கடையிலிருந்து நேரே வந்திருந்தார். கடிகாரத்துக்குள் பார்ப்பதற்குக் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் இன்னும் கண்ணிலேயே இருந்தது. தெருவெல்லாம் அப்படியே நடந்து வந்திருக்கிறார், மனுஷர்.

"சார், கண்ணுல என்னமோ இருக்கு" என்றார் மாப்பிள்ளை.

"எங்க?" என்று அவர் புருவத்தை உயர்த்த, லென்ஸ் நழுவி விழுந்து உருண்டது. "அடடே" என்று குனிந்தார். கேமரா க்ளிக்கென்றது.

பின்னால் வரிசை தெரு வரைக்கும் நின்றது. "ஆச்சு, அடுத்தது" என்றார் மாப்பிள்ளை. அடுத்தது அவர் மனைவி. செருப்பு அலமாரிக்கு அடியில் தலையை விட்டுத் துழாவும் புருஷனைப் பார்த்துக்கொண்டே பாதங்களின் மேல் ஏறியவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தலை இடது பக்கம் சாய, தோள் இறங்க, வாய் திறந்து, கண் மூடி, அப்படியே க்ளிக்.

"பரவால்ல, அப்புறம் மாத்திக்கலாம்" என்றார்கள். அப்புறம் தெரிந்தது, படத்தை மாற்ற வேண்டுமென்றால் முதலில் கட்டடமே கூடியிருக்க, படத்தில் இருப்பது தான்தான் என்று கேமராவிடம் நிரூபிக்க வேண்டும். அதுவும் முடிந்தபாடில்லை. லென்ஸும் கிடைக்கவேயில்லை.

அன்றிலிருந்து கட்டடத்தில் எல்லோரும் அந்த ஞாயிற்றுக்கிழமையை நடிக்க வேண்டியதாயிற்று. பல் டாக்டர் படத்தில் கொட்டாவி விட்டிருந்தார். தினமும் கதவுக்கு முன்னால் கொட்டாவி விட்டார். வக்கீல் கறுப்புக் கோட்டோடு மணிக்கட்டைப் பார்த்திருந்தார். எந்த வெயிலிலும் கோட்டை மாட்டிக்கொண்டு மணிக்கட்டைப் பார்த்தார். பாட்டு டீச்சர் தும்மலுக்கு நடுவில் மாட்டியிருந்தாள். மிளகுப்பொடிப் பொட்டலம் இல்லாமல் அவள் தெருவில் இறங்குவதில்லை. மூன்றாம் வீட்டுக் கைக்குழந்தை அன்று வீறிட்டு அழுதது. இப்போது அது நடக்கிறது, ஓடுகிறது, பாடுகிறது. கதவு திறக்க மட்டும் தூக்கிப் பிடித்து ஒரு கிள்ளு. மாலை வேளையில் அந்தச் சின்ன அறைக்குள் எட்டிப் பார்த்தால், டியூப்லைட் வெளிச்சத்தில் ஆட்கள் ஒவ்வொருவராகப் பாதங்களின் மேல் ஏறி, என்றோ போன ஒரு காலையின் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்பது தெரியும்.

கடிகாரக்காரருக்கு மட்டும் ஒரு தொல்லையும் இல்லை. அவர் படத்தில் இருந்தது வெறும் பச்சைச் சுவர். தெருக்கதவைத் திறந்துவிட்டு ஓரமாக, செருப்பு அலமாரிப் பக்கம் ஒதுங்கிக்கொள்வார். கேமரா சுவரைப் பார்க்கும், சுவரைச் சுவரோடு கழிக்கும், மிச்சம் ஒன்றும் இருக்காது. நல்வரவு.

"பாத்தியா, நான் இல்லாமலே நான் வந்துட்டேன்" என்பார் மனைவியிடம். அவளுக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்போடு பாதங்களில் ஏறி நிற்பாள். அவளுக்கும் திறக்கும்.

பிறகு ஒரு மத்தியானம் கடை மேசையில் சாய்த்த தலையை அவர் எடுக்கவேயில்லை. எதிரே திறந்து கிடந்த கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது என்றார்கள்.

மருந்துக்கடை அக்கா என்றுதான் அவர் மனைவியைக் கட்டடத்தில் கூப்பிடுவார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. அடக்கம் முடிந்து, கூட வந்தவர்களை எல்லாம் வழியிலேயே அனுப்பிவிட்டு, பாட்டு டீச்சர் தோளைப் பிடித்துக்கொண்டு தெருக்கதவைத் திறந்தாள். பாதங்களின் மேல் நின்றாள்.

"அடையாளம் பொருந்தவில்லை" என்றது கதவு, பாட்டு டீச்சர் குரலில்.

இன்னொரு தரம் நின்றாள். பொருந்தவில்லை.

"அக்கா..." பாட்டு டீச்சர் இழுத்தாள். "சிரிக்கணும் அக்கா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷனை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தவள், ஒரு பச்சைச் சுவருக்கு முன்னால் தலையை இடது பக்கம் சாய்த்து, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். கேமரா அதையும் படம் எடுத்தது. புள்ளிக்குப் புள்ளி கழித்தது. பொருந்தவில்லை.

செருப்பு அலமாரி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாட்டு டீச்சரும் பக்கத்தில் உட்கார்ந்தாள். தெருக்கதவின் தாழ் தளர்ந்து பல நாளாயிற்று. காற்று அதைத் தள்ளியது. கேமரா விழித்தது.

"பதினேழாம் வீடு. குடும்பத் தலைவர். நல்வரவு."

கதவு திறந்தது. இரண்டு பெண்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, திறந்த கதவையே பார்த்தார்கள்.

"என் குரல்லயே அவரைக் கூப்பிடறேன், அக்கா" என்றாள் பாட்டு டீச்சர். அவள் முன்கை முழுக்க மயிர்க்கூச்செறிந்திருந்தது.

"பேசாம இரு. மூடிடப் போகுது" என்று அக்கா எழுந்து உள்ளே போனாள்.

அன்றிலிருந்து அவள் வீட்டுக்குள் வருவது அப்படித்தான். தெருக்கதவைத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்குவாள். செத்தவர் பெயரில் கதவு திறக்கும். அவர் பின்னாலேயே நுழைவதுபோல நுழைவாள். ஆரம்பத்தில் அது வெறும் வழி. போகப் போக, மாடிப்படியில் அவருக்கு இடம் விட்டுக் கைப்பிடிப் பக்கம் ஒட்டி ஏறுகிறோம் என்பதை அவளே கவனித்தாள். கவனித்த பிறகும் நிறுத்தவில்லை.

ஆனாலும் சாயங்காலக் குரல்தான் தாங்க முடியவில்லை. சோற்றுக்கரண்டி கையில் இருக்கும்போது அந்தக் குரல் வரும். கை தானாகவே இரண்டாவது தட்டுக்கு நீளும். ஒருநாள் செயலாளரிடம் போய், அவர் படத்தை எடுத்துவிடுங்கள் என்றாள். இறப்புச் சான்றிதழையும் கொடுத்தாள்.

செயலாளர் அதைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். "இது நகல் தானே?"

"அசலும் இருக்கு சார்."

"இருக்கட்டும். ஆனா பாருங்கம்மா, ஒரு சிக்கல். பதிவை நீக்கணும்னா சம்பந்தப்பட்டவர் நேர்ல வரணும்."

"அவர் செத்துட்டாரே சார்."

"சான்றிதழ் அப்படித்தான் சொல்லுது, இல்லேங்கல. ஆனா சான்றிதழ் தேதிக்கு அப்புறமும் அவர் தினம் வந்துட்டுப் போயிருக்காரே! நேத்து மட்டும் எத்தனை தடவை தெரியுமா? உயிரோட இருக்கற நான்கூட அவ்வளவு தடவை வரல."

"நீங்களே அடக்கத்துல வந்து நின்னீங்களே சார்."

"நின்னேன்மா. மனுஷனா நின்னேன்." செயலாளர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. "இப்ப செயலாளரா உக்காந்திருக்கேன்."

அடுத்து வந்தது பொதுக்கூட்டம். சங்கம் ஆரம்பித்ததிலிருந்து ஒரு கூட்டத்துக்கும் பாதி ஆள் சேர்ந்ததில்லை. சேராத கூட்டத்தில் போட்ட தீர்மானம் செல்லாது என்று வக்கீல் ஒவ்வொரு முறையும் எழுந்து சொல்வார். இம்முறை வருகைப்பதிவுக்கும் ஒரு கேமராவை மாட்டினார் மாப்பிள்ளை. கூட்ட அறைக்கும் கீழ்த்தளத்தில் மிச்சமான அதே வெளிர்பச்சையைத்தான் அடித்திருந்தார்கள். கேமராவை உயரமாக மாட்டியதில், அது உட்கார்ந்திருந்தவர்கள் தலைக்கு மேலாகச் சுவரைத்தான் பார்த்தது. கட்டம் கட்டமாகப் பார்த்தது.

வந்திருந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். பாட்டு டீச்சர் குரல் வருகையைப் படித்தது: "பதினேழாம் வீடு, குடும்பத் தலைவர். பதினேழாம் வீடு, குடும்பத் தலைவர். பதினேழாம் வீடு, குடும்பத் தலைவர்..."

அது நிற்கவேயில்லை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் வந்திருந்தவர்கள் ஒவ்வொரு காலி நாற்காலியாகத் திரும்பிப் பார்த்தார்கள். பல் டாக்டர் தன் பக்கத்து நாற்காலியிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒருத்தரே இத்தனை தடவை வரலாமா?" என்றார் வக்கீல்.

"வரக்கூடாதுன்னு விதியில எங்க இருக்கு, காட்டுங்க" என்றார் செயலாளர். "இன்னைக்குத்தான் நம்ம சங்கத்துல முதல் தடவையா அவை நிறைஞ்சிருக்கு. வயிறு எரியாதீங்க."

அன்று காலியாக இருந்த துணைத்தலைவர் பதவிக்குத் தேர்தல். எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம், பேசாமல் இருப்பவர்கள் ஆதரவு என்பது சங்கத்தின் வழக்கம். கடிகாரக்காரர் பெயர் முன்மொழியப்பட்டது. அறை முழுக்க இருந்த கடிகாரக்காரர்களில் ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. சங்கத் தலைவர் தூக்கத்திலிருந்து எழுந்து வாழ்த்தினார். "அமைதியானவர். யார் வம்புக்கும் போகாதவர். சங்கத்துக்கு இப்படிப்பட்டவங்கதான் தேவை. நம்ம எல்லாருமே அவர் மாதிரி ஆகணும்னு ஆசைப்படறேன்."

வாசலில் நின்றிருந்த அக்காவை யாரும் கவனிக்கவில்லை. கேமராவும் கவனிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கதவிடுக்கில் ஒரு நோட்டீஸ் வந்தது. துணைத்தலைவர் அவர்களுக்கு என்று போட்டிருந்தது. தங்கள் துணைவியார் நெடுநாளாக வீடு திரும்பவில்லை என்பதைச் சங்கம் வருத்தத்தோடு கவனித்து வருகிறது. இந்நிலையில் அடையாளம் தெரியாத பெண்மணி ஒருவர் தாங்கள் வரும்போதெல்லாம் தங்கள் கூடவே நுழைந்து, தங்கள் வீட்டில் தங்குவதாகப் புதிதாக மாட்டிய மாடிப்படிக் கேமரா காட்டுகிறது. தங்கள் பதவியின் கண்ணியம் கருதி, மேற்படி பெண்மணியை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வெளியேற்றவும். தவறினால் சங்கமே வெளியேற்றும்.

அக்கா அதை நின்றபடியே படித்தாள். படித்து முடித்தபோது, ஒரு கணம், அந்தப் பெண்மேல் அவளுக்குக் கோபம் வந்தது. யாரவள், என் வீட்டில்? பிறகுதான் சமையலறையைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அணைத்த கை தன்னுடையதுதானா என்று கொஞ்சநேரம் பார்த்தாள். மருந்துக்கடையில் கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவில் நிற்கும்போதும் இப்போதெல்லாம் அப்படித்தான். பாட்டில்கள் எல்லாம் பளிச்சென்று தெரியும், நடுவில் அவள் உருவம் மட்டும் கலங்கலாகத் தெரியும்.

"விடக்கூடாது அக்கா" என்றாள் பாட்டு டீச்சர். "வீடு உங்களோடது. ஞாயித்துக்கிழமை நான் கூட நிக்கறேன்."

"வீடு அவர் பேர்ல இருக்கு, டீச்சர். அவர்தான் உயிரோட இருக்காரே."

"இருந்தா அவரையே கேக்கட்டும்!" என்றாள் டீச்சர் எரிச்சலில். அது நடக்கும் என்று அவள் அப்போது நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தள அறையில் கட்டடமே கூடிவிட்டது. இடம் போதாமல் பாதிப்பேர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, பொம்மைக்கடை ஜன்னலைப் பார்ப்பதுபோல மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். செயலாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளை மடியில் கம்ப்யூட்டர்.

"நிக்கச் சொல்லுங்க மாப்பிள்ளை."

அக்கா மஞ்சள் பாதங்களில் ஏறினாள். செயலாளர் தெருக்கதவைத் திறந்து மூடினார். பொருந்தவில்லை.

"யாரோட பொருந்துதுன்னு பாருங்க."

மாப்பிள்ளை தட்டினார். "இருக்கறதுலயே அதிகமா ஒத்துப்போறது பதினோராம் வீடு, மாமா. வக்கீல் சார். நூத்துக்கு அறுபத்திரண்டு."

அக்கா கறுப்புச் சால்வை போர்த்தியிருந்தாள். வக்கீல் கறுப்புக் கோட்டு. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் வக்கீலின் மனைவி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "அறுபத்திரண்டா?" என்று கேட்டது இந்தப் பக்கம் வரை கேட்டது. வக்கீல் மணிக்கட்டைப் பார்த்தார்.

"சிரிச்சுப் பாருங்கம்மா" என்றார் செயலாளர். "பதிவுல துணைவி சிரிக்கறாங்க. நீங்க அவங்கதான்னா உங்களுக்கும் சிரிப்பு வரணும்."

"வரல சார்."

"முயற்சி பண்ணுங்க. சங்கம் உதவும்." அவர் கண்ணைக் காட்ட, தலைவர் எழுந்து தனக்குத் தெரிந்த ஒரே நகைச்சுவைத் துணுக்கைச் சொன்னார். அது ஒரு டாக்டரையும் நோயாளியையும் பற்றியது. கடைசியில் நோயாளி செத்துப்போவான். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே விஷயம் உறைத்தது. உட்கார்ந்து தூங்கிப்போனார்.

பாட்டு டீச்சர் பொறுமையிழந்தாள். "அட, அவர் படத்தைக் காட்டுங்க எல்லாருக்கும்! துணைத்தலைவர் எப்படி இருக்கார்னு பாக்கட்டும்!"

மாப்பிள்ளை கம்ப்யூட்டரைத் திருப்பினார். திரை முழுக்க வெளிர்பச்சை. கூட்டம் மூச்சை உள்ளே இழுத்தது.

"யாருமே இல்லையே" என்றார் பல் டாக்டர் மெதுவாக.

"இல்லேன்னு எப்படிச் சொல்றீங்க? கீழ பேர் போட்டிருக்கு பாருங்க" என்றார் செயலாளர்.

மாப்பிள்ளையின் காது சிவந்தது. "மாமா, உண்மையாவே அதுல யாரும்..."

"மாப்பிள்ளை!" என்றார் செயலாளர். மகளின் பெட்டி அவர் கண்ணுக்கு முன்னால் வந்து போயிருக்க வேண்டும்.

"இருக்கார்" என்றாள் அக்கா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"கீழ இருக்கார். குனிஞ்சிருக்கார்." அவள் திரையின் அடிவிளிம்பைக் கையால் காட்டினாள். "லென்ஸைத் தேடிட்டிருக்கார். படம் அதுக்கு மேலயே முடிஞ்சு போச்சு."

முன்வரிசையில் நின்றிருந்தவர்கள், தங்களை அறியாமல், செருப்பு அலமாரியை விட்டு ஒரு அடி தள்ளி நின்றார்கள்.

"பாத்தீங்களா, இருக்காருன்னு அவங்களே ஒத்துக்கறாங்க" என்று செயலாளர் நிம்மதியானார். "அப்ப விஷயம் சுலபம். அடையாளம் தெரியாதவங்களுக்குக் குடும்பத் தலைவர் சாட்சி சொன்னா போதும்னு விதி இருக்கு. எல்லாரும் ஓரமா ஒதுங்குங்க. சாரைக் கூப்பிடுவோம்."

ஒதுங்கினார்கள். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு, அத்தனை பேரும் கேமராவின் பார்வையிலிருந்து விலகினார்கள். நடுவில் மஞ்சள் பாதங்கள் மட்டும் காலியாகக் கிடந்தன. செயலாளர் எட்டித் தெருக்கதவைத் திறந்தார். காற்று உள்ளே வந்தது.

"பதினேழாம் வீடு. குடும்பத் தலைவர். நல்வரவு."

கண்ணாடிக் கதவு விலகியது. அந்தப் பக்கம் நின்றவர்கள் வழிவிட்டுப் பின்வாங்கினார்கள்.

செயலாளர் எழுந்து நின்றார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பச்சைச் சுவரைப் பார்த்து, மரியாதையாக, கொஞ்சம் குழைந்தே கேட்டார்: "துணைத்தலைவர் சார், தொந்தரவு கொடுக்கறதுக்கு மன்னிக்கணும். இந்தம்மா உங்க சம்சாரம்தானா?"

சுவர் பேசவில்லை.

செயலாளர் காத்திருந்தார். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். பிறகு திருப்தியாகத் திரும்பி, "மறுக்கல. பதிவு பண்ணிக்குங்க மாப்பிள்ளை" என்றவர், எதற்கும் இருக்கட்டுமென்று சுவரிடம் இன்னொரு தரம், "கொஞ்சம் சத்தமா சொன்னா நல்லாருக்கும் சார்" என்றார்.

அக்காவுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. வீட்டில்கூட எந்தக் கேள்விக்கும் அவர் சத்தமாகப் பதில் சொன்னது கிடையாது. குனிந்த தலை நிமிராமல், ம், என்பார். இப்போதும் அந்த அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு 'ம்' வரும் என்று செயலாளர் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். முதலில் மூக்கில் ஒரு சத்தம் வந்தது. கையால் பொத்தப் பார்த்தாள். முடியவில்லை. தலை இடது பக்கம் சாய்ந்தது, தோள் இறங்கியது, வாய் திறந்தது, கண் மூடிக்கொண்டது. தள்ளாடியவள் எங்கே கால் வைக்கிறோம் என்று தெரியாமல் மஞ்சள் பாதங்களின் மேல் ஏறி நின்று, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் புரியாமல், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். காற்றில் தெருக்கதவு ஆடியது.

"பதினேழாம் வீடு. துணைவி. நல்வரவு."

கட்டடமே கைதட்டியது. பாட்டு டீச்சருக்குத் தும்மல் வந்தது, மிளகுப்பொடி இல்லாமலே.

"பாத்தீங்களா!" என்றார் செயலாளர். கண்ணைத் துடைத்துக்கொண்டார், பாவம். "நம்ம முறையில குறை சொன்னவங்க எல்லாம் இப்ப எங்க போனாங்க? தொலைஞ்சுபோன மனைவியைக் கண்டுபிடிச்சுக் கொடுத்திருக்கு!" தொலைந்த மனைவியைக் கண்டுபிடித்துக் கொடுத்த மாப்பிள்ளைக்குப் பாராட்டுத் தீர்மானம் நிறைவேறியது. துணைத்தலைவர் உட்பட யாரும் எதிர்க்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு மாப்பிள்ளை அக்காவிடம் தனியாக வந்தார். தலையைச் சொறிந்தார். "அக்கா, இப்ப எல்லார் முன்னாடியும் கதவு உங்களை ஒத்துக்கிட்டதால படத்தை மாத்தலாம். சாதாரண முகமா ஒண்ணு எடுத்துடலாம். அவர் படத்தையும்... யாருக்கும் தெரியாம நானே எடுத்துடறேன்."

அக்கா பச்சைச் சுவரைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"என்னுது அப்படியே இருக்கட்டும் தம்பி."

"அவருது?"

"அவர் இன்னும் தேடி முடிக்கலையே."

மாப்பிள்ளை வேகமாக மாடியேறிப் போனார்.

தெருக்கதவின் தாழைச் சரிசெய்தால் இந்தச் சாயங்காலத் தொந்தரவே இருக்காது என்று பல் டாக்டர் ஒரு யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். பராமரிப்பு வேலைகள் எல்லாம் துணைத்தலைவர் பொறுப்பில் வருவதால் அவர் கையெழுத்துக்காகக் கோப்பைச் செருப்பு அலமாரிமேல் வைத்திருக்கிறார்கள். அவர் தினமும் வருகிறார். கையெழுத்துப் போடத்தான் நிமிரவில்லை.

அக்கா வீடு திரும்பும்போது இப்போது ஓரமாக ஒதுங்குவதில்லை. பாதங்களின் மேல் ஏறி நிற்கிறாள். சில நாள் செயலாளரின் நீட்டிய கழுத்தை நினைத்துக்கொண்டால் சிரிப்பு வந்துவிடும். சில நாள் வராது. அன்றைக்கு மட்டும் அவர் பின்னால் நுழைந்துகொள்வாள்.

பொழுது சாய்ந்து, காற்று எழுந்து, கீழே அந்தக் குரல் கேட்டதும், எல்லா வீட்டிலும் டிவி சத்தம் ஏறும். பதினேழாம் வீட்டில் மட்டும் கதவு திறக்கும். சோற்றுக்கரண்டியோடு அவள் மாடிப்படிக் கைப்பிடிக்கு வந்து, கீழே எட்டிப் பார்த்துக் கேட்பாள்:

"கிடைச்சுதா?"

கண்ணாடிக் கதவு மூடும் வரைக்கும் நிற்பாள். பிறகு உள்ளே போய்ப் பாத்திரத்தை மூடிவைப்பாள்.